அம்மாச்சி பார்க்கிற சீரியலை யார் எண்ணுகிறார்கள்?

போன லீவுக்கு கூமாப்பட்டி போயிருந்தேன். ஆமா, அதே கூமாப்பட்டிதான். 2025 ஜூனில் ஒரு ரீல்ஸ் வந்து, தமிழ்நாடே "ஏங்க" என்று இழுத்துப் பேச ஆரம்பித்ததே, அந்த ஊர். அதுக்கு முன்னாடி ஹாஸ்டலில் யாராவது அம்மா ஊர் எது என்று கேட்டால், "ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்" என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில், அங்கிருந்து வத்திராயிருப்பு, அதையும் தாண்டி என்று வழி சொல்வதற்குள் கேட்டவர் போய்விடுவார். இப்போ எல்லாரும் பிளவக்கல் அணையில் தண்ணி இருக்கா என்று என்னிடம் கேட்கிறார்கள்.

ஆனால் அங்கே அம்மாச்சி கேட்டது வேற கேள்வி. மத்தியானம் ரெண்டு மணி வாக்கில் அவங்க பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீரியல் திடீர்னு முடிஞ்சுபோச்சு. ஜெயிலுக்குப் போன அண்ணன், நிச்சயம் ஆகி நின்ற பொண்ணு, காணாமல் போன சொத்துப் பத்திரம் எல்லாம் பாதியில் கிடக்க, கடைசி எபிசோடில் அத்தனை பேரும் ஒரு கோயிலில் வரிசையாக நின்று சிரித்தார்கள். அவ்வளவுதான், முடிஞ்சது. ஏன் என்று ஃபோனில் தேடிப் பார்த்துச் சொன்னேன்.

"டிஆர்பி வரலையாம் அம்மாச்சி."

"அப்படின்னா?"

"யாரும் பாக்கலையாம்."

"நான் பாத்தேன்ல. இந்தத் தெருவுல பூராப் பேரும்ல பாத்தோம். நாங்க பாக்குறது அவுகளுக்குத் தெரியாதா தாயி?"

நான் இசிஇ கடைசி வருஷம். ஒரு சிக்னல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படிப் போகிறது என்றுதான் நாலு வருஷமாகப் படிக்கிறேன். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், சிக்னல் அந்த ஊருக்குள் வந்த கதை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் சென்னைக் கோபுரத்தின் அலை விருதுநகர் மாவட்டம் வரைக்கும் வராது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, தென்மாவட்டங்களில் கடலோரம் இருந்தவர்கள் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி அதைப் பிடித்துப் பார்த்தார்கள். நம் நாட்டு டிவி தெரியாத வீட்டில் பக்கத்து நாட்டு டிவி ஓடியது. பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. தெற்கே பாதித் தமிழ்நாட்டுக்கு அதுதான் வாசல்.

இங்கே நம்ம பாடத்தைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் அலை எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் நேராகப் போகும் என்று கிடைக்கும். ஆன்டெனா அண்ட் வேவ் ப்ராபகேஷன் பேப்பரில் எழுதிவிட்டு மறந்த அதே சூத்திரம்தான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். கணக்குப் போட்டால் 189 கி.மீ. வருகிறது. கூமாப்பட்டி அங்கிருந்து நேர்கோட்டில் 65 கி.மீ. வாக்கில்தான். அப்போ படம் கண்ணாடி மாதிரி தெரியணுமே? தெரியாது. ஊருக்கு வடக்கே சதுரகிரி மலை நிற்கிறது. கொடைக்கானலிலிருந்து ஊருக்கு ஒரு நேர்கோடு போட்டால், ஊருக்கு 7 கி.மீ. முன்னாடி அந்தக் கோடு கடல்மட்டத்திலிருந்து வெறும் 330 மீட்டர் உயரத்தில் வருகிறது. மலை அதைவிடப் பல மடங்கு உயரம். ஆக, ஊர் மலையின் நிழலில் இருக்கிறது. வெயிலின் நிழல் மாதிரி முழு இருட்டு இல்லை. மலை உச்சியில் மோதும் அலை கொஞ்சம் வளைந்து கீழே இறங்கும். அந்த மிச்சம் மீதியைப் பிடிக்கத்தான் கம்பமும் பூஸ்டரும். மாமா மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, கீழே நின்று "வருது, வருது, போச்சு" என்று கத்தியதை அம்மா இன்னும் சொல்வார். எனக்கு அது காமெடி. எங்கள் லேபில் அதற்குப் பெயர் டிஃப்ராக்‌ஷன்.

செயற்கைக்கோள் வந்ததும் இந்த மலைப் பிரச்சினை முடிந்தது. நம்ம ஊர் அட்சரேகைக்கு அது கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கிறது, எந்த மலையும் குறுக்கே வராது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. பெரிய தட்டு வைத்த ஒரு கேபிள்காரர் ஊருக்கு ஒருவர் முளைத்தார். 2006-லிருந்து அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது, ஒன்றரைக் கோடிப் பெட்டிகளுக்கும் மேல். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அம்மாச்சி வீட்டில் அந்த 14 இன்ச் பெட்டி இன்னும் பீரோ மேல் இருக்கிறது. ஓடாது. தூக்கிப் போடவும் விட மாட்டார்.

ஆக, சிக்னல் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அது வரும் வழி மட்டும்தான். கேபிள் செட்டாப் பாக்ஸ் ஒருவழிப் பாதை. நாம் எந்த சேனல் வைத்தோம், எப்போ மாற்றினோம், எழுந்து போய் அடுப்பைப் பார்த்தோமா என்பதெல்லாம் அந்த வயரில் திரும்பிப் போகாது. யூடியூப்புக்கு நாம் எந்த நொடியில் ஸ்கிப் செய்தோம் என்றுகூடத் தெரியும். டிவி சேனலுக்கு எதுவுமே தெரியாது. அதனால்தான் தனியாக ஒருத்தரை வைத்து எண்ண வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இப்போ அந்த வேலையைச் செய்வது பார்க் என்ற அமைப்பு. 2015-லிருந்து வாராவாரம் கணக்கு வெளியிடுகிறது. வேலை செய்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு சேனலும் ஒளிபரப்பும்போதே அதன் ஒலிக்குள் ஒரு ரகசியக் குறியீட்டைக் கலந்துவிடுகிறார்கள். எந்த சேனல், எந்த நேரம் என்ற விவரம் அதில் இருக்கும். நமக்குக் கேட்காது. ஏன் கேட்காது? கோயில் கொடையில் குழாய் ரேடியோ அலறும்போது பக்கத்தில் நிற்பவர் முணுமுணுப்பது கேட்காது இல்லையா, அதே காரணம்தான். ஒரு பலமான ஓசை தனக்குப் பக்கத்து அலைவரிசையில் இருக்கும் மெல்லிய ஓசையை மூடிவிடும். மாமியார் கத்துகிற இடமாகப் பார்த்து அந்தக் கத்தலுக்கு அடியில் குறியீட்டை ஒளித்து வைக்கிறார்கள். காதுக்குத் தெரியாது, மீட்டருக்குத் தெரியும். சீரியலில் ஏன் இத்தனை சத்தம் என்பதற்கு இது காரணம் இல்லை, அது வேற வியாதி.

மீட்டர் வைத்த வீட்டில் ஒரு தனி ரிமோட்டும் இருக்கும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன். டிவி முன்னால் உட்கார்ந்தால் அமுக்கணும், எழுந்தால் திரும்ப அமுக்கணும். அப்படித்தான் எந்த வயசு, ஆணா பெண்ணா என்ற விவரம் கிடைக்கிறது.

கணக்கு "எத்தனை பேர் பார்த்தார்கள்" என்பதும் இல்லை. நிமிஷத்துக்குச் சராசரியாக எத்தனை பேர் என்பது. அரைமணி நேர எபிசோடை அம்மாச்சி முழுசா 30 நிமிஷம் பார்க்கிறார்; மாமா சாப்பிட வந்து 10 நிமிஷம் பார்க்கிறார். மொத்தம் 40 நிமிஷம், வகுத்தல் 30. அந்த வீட்டில் பார்வையாளர் 2 பேர் இல்லை, 1.33 பேர். வீடு வீடாக இதைக் கூட்டி, மொத்த ஆட்களில் எத்தனை சதவீதம் என்று சொன்னால் அதுதான் ரேட்டிங்.

சரி, இந்த மீட்டர் எத்தனை வீட்டில் இருக்கிறது? நாடு முழுக்க 55 ஆயிரத்துச் சொச்சம். டிவி இருக்கிற வீடுகள் 21 கோடி என்று பார்க்கே 2020-ல் மதிப்பிட்டது. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 3,800 வீட்டுக்கு ஒரு வீடு. மீட்டர்களை நாடு முழுக்கச் சீராகத் தூவியதாக வைத்துக்கொண்டால், 1,000 வீடு உள்ள ஊரில் ஒரு மீட்டராவது இருக்க வாய்ப்பு 23 சதவீதம். 30 வீடு உள்ள ஒரு தெருவில் இருக்க வாய்ப்பு ஒரு சதவீதம்கூட இல்லை.

இதைக் கேட்டதும் எல்லாருக்கும் வருகிற கோபம் எனக்கும் வந்தது. மூவாயிரத்துச் சொச்சம் வீட்டுக்கு ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் சேர்த்து எப்படித் தீர்ப்பு சொல்லலாம்? ஆனால் ப்ராபபிலிட்டி பேப்பரில் அரியர் வைத்த என் ரூம்மேட்டே இதற்குப் பதில் சொன்னாள்: பிழையைத் தீர்மானிப்பது சாம்பிளின் அளவுதான், மொத்தக் கூட்டம் எவ்வளவு பெரிசு என்பது கிட்டத்தட்ட விஷயமே இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அண்டாவாக இருந்தாலும் பத்துப் பருக்கைதான் எடுப்போம். நான் ஃபோனில் அம்மாச்சியிடம் இதையே சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "பானைன்னா ஒரே தீ, ஒரே தண்ணி. ஊரு அப்படியா இருக்கு?" என்றார். சாம்பிளிங்கில் ஸ்ட்ராடிஃபிகேஷன் என்று ஒரு முழு அத்தியாயம் இருப்பது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். நகரம், கிராமம், வசதி, வயசு என்று பிரித்துப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் அளவாக எடுத்தால்தான் பருக்கை பானையைச் சொல்லும்.

இதில் ஒரு பழைய அநியாயம் உண்டு. பார்க்குக்கு முன்னால் டாம் என்ற நிறுவனம் எண்ணியது. அதன் மீட்டர்கள் நகரங்களில்தான் இருந்தன. கிராமத்துப் பார்வையாளர் அந்தக் கணக்கிலேயே கிடையாது. 2015 அக்டோபரில்தான் பார்க் முதல்முறையாகக் கிராமத்தையும் சேர்த்துக் கணக்கு வெளியிட்டது. வந்த முதல் வாரங்களிலேயே சேனல்களின் வரிசை மாறிப்போனது. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வந்த இலவச சேனல்கள் மேலே ஏறின. நாடு அன்றைக்குத் திடீர்னு ரசனையை மாற்றிக்கொள்ளவில்லை, எண்ணும் இடம்தான் மாறியது. சித்தி (1999), மெட்டி ஒலி (2002), கோலங்கள் (2003) எல்லாம் ஓடிய காலத்தில் அம்மாச்சி ஒரு நாள் விடாமல் பார்த்தார். கணக்குப் புத்தகத்தில் அவர் இல்லை.

சீரியல் என்று வந்த பிறகு ஒரு சின்ன சுற்று. எதிர்நீச்சல் 2022-ல் தொடங்கியது, கோலங்கள் எடுத்த திருச்செல்வம்தான் இயக்கம். அதில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்துவின் "இந்தாம்மா ஏய்" நம்ம கேன்டீன் வரைக்கும் வந்தது. சீரியலே பார்க்காத பையன்கள்கூட அந்தக் குரலை வைத்து மீம் போட்டார்கள். அவர் சொந்த ஊர் தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி. கூமாப்பட்டியில் நின்று மலையைப் பார்த்தால், அந்த மலைக்கு அந்தப் பக்கம். 2023 செப்டம்பர் 8 அன்று அவர் இறந்தபோது அம்மாச்சி அன்றைக்கு டிவியே போடவில்லை என்று அம்மா சொன்னார். வில்லனுக்காக ஒரு வீடு துக்கம் காத்தது. அந்த ஒரு நாள் அணைந்து கிடந்த டிவியையும் எந்த மீட்டரும் எண்ணவில்லை.

இனி கொஞ்சம் கணக்கு. ஒரு பகுதியில் 1,000 பேரை வைத்து அளக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஓடுகிற பெரிய சீரியலுக்கு ரேட்டிங் 10 வருகிறது. பிழை எல்லை 95 சதவீத நம்பிக்கையில் சுமார் 1.9. அதாவது உண்மை 8.1-க்கும் 11.9-க்கும் நடுவில். பரவாயில்லை, பெரிய சீரியல் பெரிய சீரியல்தான். இப்போ மத்தியானம் ரெண்டு மணி சீரியலுக்கு ரேட்டிங் 1 வருகிறது. அதே சூத்திரம் போட்டால் பிழை 0.6. உண்மை 0.4 ஆகவும் இருக்கலாம், 1.6 ஆகவும் இருக்கலாம். நாலு மடங்கு வித்தியாசம்! 0.4 என்றால் நிறுத்த வேண்டிய சீரியல், 1.6 என்றால் கொண்டாட வேண்டிய சீரியல். கையில் இருக்கும் அளவுகோலுக்கு இந்த ரெண்டையும் ஒரு வாரத்தில் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பல வாரங்களின் சராசரி எடுத்தால் தெளிவு கூடும், உண்மைதான். ஆனால் அதே வீடுகளைத்தான் திரும்பத் திரும்ப அளக்கிறோம் என்பதால் நினைக்கிற அளவுக்குக் கூடாது.

எனக்கு நெருடுவது இதுதான். பெரிய நிகழ்ச்சியைச் சரியாகவே அளக்கிறார்கள். சின்னதை அளக்கும்போது தடுமாறுகிறார்கள். மத்தியான நேரத்தில் யார் பார்க்கிறார்கள்? காட்டு வேலை முடிந்து வந்த பெண்கள், வயதானவர்கள், பீடியோ பாயோ கையில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் பார்ப்பவர்கள். அவர்கள் நிகழ்ச்சிகள்தான் எப்போதும் அந்த 1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நின்று தத்தளிக்கின்றன.

பிழையைப் பாதியாக்கணும் என்றால் சாம்பிளை நாலு மடங்காக்கணும், இரண்டு மடங்கு போதாது. அதற்கான செலவு சேனல்கள், விளம்பரக்காரர்கள் தலையில் விழும். டிராய் 2020 ஏப்ரலில், 2022 முடிவதற்குள் மீட்டர் வீடுகளை ஒரு லட்சம் ஆக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. அதை அந்தக் கெடுவுக்குள் எட்டவில்லை.

சின்ன எண்ணில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மேலே சொன்ன 1,000 பேரில் வெறும் 10 பேரைக் கையில் போட்டுக்கொண்டு ஒரு சேனலையே வைக்கச் சொன்னால், ரேட்டிங் ஒரு புள்ளி ஏறும். 10 புள்ளி சீரியலுக்கு அது பெரிசில்லை. ஒரு புள்ளியில் நிற்கும் செய்தி சேனலுக்கு அது இரட்டிப்பு. 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் வெளிக்கொண்டு வந்த டிஆர்பி வழக்கு இந்த மாதிரிக் குற்றச்சாட்டுதான். அதன் பிறகு செய்தி சேனல்களின் தனித்தனி ரேட்டிங்கை பார்க் நிறுத்தி வைத்தது. 2022 மார்ச்சில்தான் திரும்ப வெளியிட்டது. காசு கொடுக்காமல் செய்கிற வழியும் உண்டு. செட்டாப் பாக்ஸைப் போட்டதும் நாம் கேட்காமலே முதலில் ஒரு சேனல் வந்து நிற்குமே, அது சும்மா வருவதில்லை. அதற்குப் பெயர் லேண்டிங் பேஜ். அம்மாச்சி ரிமோட்டைத் தேடி எடுக்கிற ரெண்டு நிமிஷம் அந்த சேனலுக்கு லாபம்.

பழைய நிகழ்ச்சிகள் திரும்ப வந்த கதையையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஷூட்டிங் நின்றது. மார்ச் 28 அன்று தூர்தர்ஷன் 1987-ஆம் ஆண்டு ராமாயணத்தைத் திரும்பப் போட்டது. சன் டிவியில் மெட்டி ஒலி மறுபடி ஓடியது. ஏப்ரல் 16 அன்று மட்டும் ராமாயணத்தை 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்து, உலக சாதனை என்றது. உலக சாதனையா என்பதில் அப்போதே சண்டை வந்தது. எனக்குச் சுவாரசியமான விஷயம் வேற. 1987-ல் முதல்முறை ஓடியபோது தெருவே ஒரு வீட்டில் கூடிப் பார்த்தது, ஒரு பெட்டிக்கு முப்பது நாற்பது பேர். அந்தக் கூட்டத்தை எண்ண அன்றைக்கு இப்படியொரு மீட்டர் கிடையாது. அதனால் பழைய ராமாயணம் பெரிசா, புது ராமாயணம் பெரிசா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நம்ம தலைமுறை பார்ப்பதும் இந்தக் கணக்கில் இல்லை. எங்கள் ஹாஸ்டலில் போன செமஸ்டர் ஒரு வாரம் முழுக்க மர்மதேசம் ஓடியது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், நாங்கள் பிறப்பதற்கு முன்னால் வந்தது. யூடியூப்பில் விடாது கருப்பு பார்த்துவிட்டு ராத்திரி பாத்ரூமுக்கு ஜோடி சேர்த்துப் போனோம். அது எதுவும் டிஆர்பி ஆகாது. டிஆர்பி வீட்டில் இருக்கிற டிவிக்கு மட்டும்தான்.

அப்போ ஃபோன் எண்ணுவது சரியான எண்ணிக்கையா? கூமாப்பட்டியையே எடுத்துக்கொள்ளலாம். ஊர் இளைஞர் ஒருவர் போட்ட ரீல்ஸ் சில நாளில் லட்சக்கணக்கில் போனது. அப்புறம் அவரே ஒரு டிவி ரியாலிட்டி ஷோவுக்கும் போனார். அங்கே சாம்பிள் கிடையாது, ஒவ்வொரு முறையும் எண்ணப்படுகிறது. ஆனால் என்ன எண்ணப்படுகிறது? வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ. ஒரே ஆள் பத்துத் தடவை பார்த்தால் பத்து. கட்டைவிரல் கடந்துபோனாலும் கணக்கு. டிவி மீட்டர் கொஞ்சம் பேரை நிமிஷக் கணக்கில் கவனமாக எண்ணுகிறது. ஃபோன் எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறது. ரெண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து எது பெரிசு என்று கேட்பது, கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுகிற மாதிரி. ரீல்ஸ் வியூவைக் காட்டி "டிவி செத்துப்போச்சு" என்று பிராஜெக்ட் பிரசென்டேஷனில் ஸ்லைடு போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நானும் செகண்ட் இயரில் அப்படி ஒரு ஸ்லைடு போட்டவள்தான்.

எழுதி முடித்த பிறகு அம்மாச்சிக்கு ஃபோன் செய்தேன். உங்க தெருவில் மீட்டர் வைத்த வீடு இருக்க நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை, ஆனா வத்திராயிருப்பிலோ ராஜபாளையத்திலோ எங்கேயாவது ஒரு வீட்டில் இருக்கலாம் என்றேன்.

"யாரு வீடுன்னு கேட்டுச் சொல்லு தாயி. நான் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்."

"அதுக்காகத்தான் அந்த வீடு எதுன்னு யாருக்கும் சொல்றதில்லை அம்மாச்சி."

"சரி வையி. ரெண்டு மணிக்குப் புதுசா ஒண்ணு போட்டுருக்கான், ஆரம்பிச்சிட்டான்."